பரண்மேல் இருப்பவை எதற்காக?

மார்கழியின் கடைசி நாள் நெருங்கினால் அந்தியூரிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் வீடுதோறும் பரபரப்பு மிகும். சுவருக்கு வெள்ளையடித்து, ஒட்டடை நீக்கி, பாத்திரங்களை வாசலில் குவித்துப் புளியிட்டுத் துலக்குவர். பின்னர் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ ஆகியவற்றைச் சேர்த்துக் கட்டி வீட்டிலும் தொழுவத்திலும் வயலிலும் செருகுவர். இதனைக் காப்புக் கட்டு என்பது கொங்கு நாட்டு வழக்கு. கிறிஸ்தவ இல்லங்களிலும் கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவுக்கு முன்னரே இத்தகைய துப்புரவு நடந்துவிடுகிறது.

ஆயினும் அன்று பரணிலிருந்து இறங்கும் பொருள்களின் கதி என்ன? கம்பி முறிந்த குடை, ஓடாத மிக்சி, எவருக்கும் பொருந்தாத சட்டைகள், காலங்கடந்த மருந்துப் புட்டிகள் எல்லாம் தூசு துடைக்கப்பெற்று, மாலைக்குள் மீண்டும் பரணேறிவிடுகின்றன. சென்ற ஆண்டும் அவை அப்படித்தான் ஏறின. வீட்டை விட்டு வெளியேறியது தூசு மட்டுமே. வேண்டுவது எது, வேண்டாதது எது என்ற தீர்மானத்தை நாம் மறுபடியும் அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைத்துவிட்டோம்.

தீனி கேட்கும் பொருள்கள்

ஆடி மாதம் குருநாதசுவாமி கோயில் விழாவையொட்டி அந்தியூரில் கூடும் மாட்டுச் சந்தையும் குதிரைச் சந்தையும் பெயர் பெற்றவை. செந்நிற உடலில் வெண்திட்டுகள் கொண்ட பர்கூர் மலை மாடுகளை அங்கே காணலாம். மாடு வாங்க வரும் உழவர் பல்லைப் பார்க்கிறார், சுழியைப் பார்க்கிறார், நடக்கவிட்டும் பார்க்கிறார். உழவுக்கா, வண்டிக்கா, பாலுக்கா என்று முடிவு செய்யாமல் அவர் பணத்தை எண்ணுவதில்லை. வேலையில்லாத மாட்டுக்கும் நாள்தோறும் தீனி போட்டாக வேண்டும் என்பதை அவர் அறிவார்.

வீட்டுப் பொருள்களும் தீனி கேட்பவைதாம். அவற்றுக்கு இடம் வேண்டும்; துடைப்பதற்கு உழைப்பு வேண்டும்; குவியலுக்குள் ஒன்றைத் தேடுவதற்கு நேரம் வேண்டும். சிலவற்றுக்கு மாதத் தவணையும் வேண்டும். இத்தனையும் தருவது பெரும்பாலும் குடும்பத் தலைவியே.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலஸ் நகரில் டார்பி சாக்ஸ்பி, ரெனா ரெப்பெட்டி என்னும் இரு உளவியலாளர், தம்பதியரிடம் தத்தம் வீட்டைச் சுற்றிக் காட்டி விவரிக்கச் செய்து ஆராய்ந்தனர். அதன் முடிவுகள் 2010ஆம் ஆண்டு வெளியாயின. பொருட்குவியலையும் முடியாத வேலைகளையும் பற்றி மிகுதியாகப் பேசிய மனைவியரின் உடலில், மன இறுக்கத்தைக் காட்டும் கார்ட்டிசால் என்னும் சுரப்புநீர், பொழுது சாயச் சாயக் குறைய வேண்டிய அளவுக்குக் குறையவில்லை. குவியல்தான் காரணம் என்று இதைக்கொண்டு அறுதியிட இயலாது. எனினும் வீட்டை ஒழுங்குபடுத்துவதில் கணவரும் பிள்ளைகளும் கைகொடுக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

விட மனமில்லாதது ஏன்?

பொருளைப் பிடித்து வைப்பவை மூன்று: பெருமை, அச்சம், நினைவு. சீராக வந்த பித்தளை அண்டா ஒருநாளும் அடுப்பேறியிராது. ஆனால் அதனை விற்றால் பிறந்த வீட்டுக்குக் குறைவு என்று கருதுகிறோம். "என்றைக்காவது உதவும்" என்று கயிற்றுத் துண்டையும் முடிந்து வைக்கும் முதியோரைக் கண்டு நகைப்பதும் தகாது. பஞ்சத்தையும் பங்கீட்டு வரிசையையும் கண்டவர்கள் அவர்கள். ஆத்தா ஊருக்குப் போயிருக்கும் வேளையில் அவருடைய டிரங்குப் பெட்டியைக் காலி செய்வது துப்புரவாகாது, அது அவமதிப்பு. அருகில் அமர்ந்து, ஒவ்வொன்றின் கதையையும் கேட்டு, அவர் சம்மதத்தோடு செய்வதே முறை.

மறைந்தவரின் பொருள்களைப் பிரிவது எல்லாவற்றிலும் கடினம். அவருடைய உடைமை அனைத்தையும் பூட்டி வைப்பதைக் காட்டிலும், அவர் அமர்ந்திருந்த பவானி ஜமக்காளம் ஒன்றை எடுத்து விரித்துக் குடும்பமாக அதில் அமர்ந்து செபிப்பது, அவர் நினைவை வாழவைக்கும்.

ஒரே கேள்வி

"இது எதற்காக இங்கே இருக்கிறது?" ஒவ்வொரு பொருளையும் கையிலெடுத்து இவ்வாறு வினவுவோமாயின், சிறிது நேரத்தில் அக்கேள்வி நம்மையே நோக்கித் திரும்பும். துணி மூடிக் கிடக்கும் தையல் இயந்திரம், நாம் கைவிட்ட ஒரு திறமையை நினைவூட்டும். கட்டுப் பிரிக்காத தேர்வுப் புத்தகங்கள், பாதியில் நின்ற ஒரு முயற்சியைச் சொல்லும். மீண்டும் தொடங்குவதா, அல்லது வேறொருவர் பயன்படுத்தக் கொடுத்துவிடுவதா? இரண்டில் எதைத் தேர்ந்தாலும் உள்ளம் தெளிவு பெறும். தேராமல் வைத்திருப்பதே பாரம்.

லொயோலா இஞ்ஞாசியார் 1522ஆம் ஆண்டு மொன்செராத் ஆலயத்தில் தம் வாளை விட்டுச் சென்றார். படைப்புப் பொருள்கள் யாவும் மனிதன் தன் குறிக்கோளை அடையத் துணையாக உள்ளவை. துணையாகும் அளவுக்குக் கொள்ளவும், தடையாகும் அளவுக்கு விடவும் வேண்டும் என்பது பின்னர் அவர் கற்பித்த அடிப்படை. குறிக்கோள் தெளிந்தால் பரணும் தெளியும்.

கொடுப்பதிலும் ஒரு முறை

நைந்ததையும் கிழிந்ததையும் ஏழைக்கென ஒதுக்குவது ஈகையாகாது. 1999இல் தில்லியில் அன்ஷு குப்தா தொடங்கிய ‘கூஞ்ச்’ அமைப்பு, நகரங்களில் திரட்டும் துணிகளைச் சிற்றூர்களுக்கு அனுப்புகிறது. அங்குள்ளோர் கிணறு வெட்டுதல் போன்ற பொதுப்பணி செய்து அவற்றைப் பரிசாகப் பெறுகின்றனர். பெறுபவரின் தன்மானம் காக்கும் இவ்வழியைக் கண்டவருக்கு 2015இல் மகசேசே விருது கிடைத்தது.

கழிக்கக் கூடாதவையும் உண்டு. பழஞ்சுவடிகள் ஆற்றுக்கும் தீக்கும் இரையானதைக் கேட்டு உ.வே.சாமிநாதையர் வருந்தியது தமிழுலகம் அறிந்ததே. பத்திரங்கள், சான்றிதழ்கள், முன்னோரின் கடிதங்கள், நிழற்படங்கள் ஆகியவற்றைத் தனியே பேணுவோம். எஞ்சிய நெகிழியையும் ரப்பரையும் தெருவில் கொளுத்தி அண்டை வீட்டுக் குழந்தையின் மூச்சைக் கெடுக்க வேண்டாம். தரம் பிரித்துத் துப்புரவுப் பணியாளரிடம் ஒப்படைப்போம்.

வீடு முழுவதையும் ஒரே நாளில் கவிழ்க்க வேண்டியதில்லை. இந்த ஞாயிறு ஒரு பெட்டி போதும். குடும்பத்தார் அனைவரும் சூழ்ந்தமர்ந்து, வைத்துக்கொள்வது, கொடுப்பது, விற்பது, கழிப்பது என நான்காகப் பிரிப்போம். பெட்டியில் பாதி காலியானால், அவ்விடத்தை நிரப்ப உடனே எதையும் வாங்காதிருப்போம். வெற்றிடம் சிறிது காலம் வெற்றிடமாகவே இருக்கட்டும்.