விற்கும் முன்னே பிள்ளைக்கு ஒரு பங்கு



உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் நான் கண்டது இது. வீட்டுக்காரர் நிலக்கடலை மூட்டைகளைச் சந்தைக்கு ஏற்றிவிட்டுத் திரும்புகிறார். மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகன் கையை நீட்டுகிறான். பத்து ரூபாய் கொடுக்கிறார். பையன் பெட்டிக்கடைக்கு ஓடி ஒரு பாக்கெட் வாங்கிப் பிரிக்கிறான். அதில் பாதி காற்று. மீதி மாவும் எண்ணெயும் உப்பும். "நம்ம கடலையிலே கொஞ்சம் பிள்ளைக்கு எடுத்து வைக்கலையாம்மா?" என்று தாயைக் கேட்டேன். "அதெல்லாம் விக்கிற சாமானுங்க" என்றார்.

அவர்மேல் குறை இல்லை. உரக்கடன், கூலி எல்லாம் முன்னே வந்து நிற்கும். ஆனாலும் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளைக்கு 10 ரூபாய், மாதம் 22 பள்ளி நாள் என்றால் ஒரு பிள்ளைக்கு 220 ரூபாய். இரண்டு பிள்ளைக்கு 440 ரூபாய். கடலை விற்ற காசு பாக்கெட்டுக்கே போகிறது!

பள்ளியில்தான் சாப்பாடு போடுகிறார்களே?

உண்மைதான். 1982-இல் சத்துணவுத் திட்டம் வந்தது. 2022 செப்டம்பர் 15-இல் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கான காலை உணவுத் திட்டம் நம் மதுரையிலேயே தொடங்கியது. ஆனால் இடைவேளை மணி அடிக்கும்போதும், மாலையில் வீடு திரும்பும்போதும் பிள்ளைக்கு மறுபடி பசிக்கும். அந்தப் பசிக்கு என்ன கொடுப்பது என்பது நம் கையில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 57 பேருக்கு இரத்தசோகை இருப்பதாக 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. சோகை பிடித்த பிள்ளை சீக்கிரம் களைத்துவிடும்; பாடத்தில் மனம் நிற்காது. "எம் பிள்ளை மந்தமா இருக்கு" என்று பலர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

டப்பாவில் என்ன வைக்கலாம்?

1. கடலை உருண்டை: வறுத்துத் தோல் நீக்கிய கடலைப்பருப்பு கால் கிலோ, வெல்லம் 150 கிராம். உரலில் சேர்த்து இடித்தால் கடலையின் எண்ணெயே பிடித்துக்கொள்ளும்; பாகு காய்ச்ச வேண்டாம். 20 உருண்டை வரும். ஓர் உருண்டையில் சுமார் 3 கிராம் புரதச்சத்து. ஏழு முதல் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நாளொன்றுக்குத் தேவை 23 கிராம். கைப்பிடி எள்ளும் வறுத்துச் சேர்த்தால் இன்னும் நல்லது.

2. கம்பு முருங்கை அடை: ஒரு டம்ளர் கம்பு மாவு, ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, சின்ன வெங்காயம், உப்பு. வெந்நீர் விட்டுப் பிசைந்து, சிறு அடையாகத் தட்டி, எண்ணெய் விட்டுச் சுடுங்கள். கீரையில் உள்ள வைட்டமின் ஏ உடம்பில் சேர எண்ணெய் வேண்டும். கம்பில் அரிசியைவிடப் பல மடங்கு இரும்புச்சத்து. "கீரையைத் தொடவே மாட்டேங்குதே" என்பீர்கள். பொடியாக நறுக்கிப் பிசைந்துவிட்டால் பொறுக்கி எடுக்க முடியாது!

3. அந்தந்தப் பருவத்தில் கிடைப்பது: தையில் பனங்கிழங்கு, அவித்த சர்க்கரைவள்ளி, மொச்சை. கோடையில் மாம்பழம், நுங்கு. ஆடியில் நாவல். மழைக்காலத்தில் கொய்யா. பப்பாளி எப்போதும் உண்டு. அடையோடு கொய்யாத் துண்டு ஒன்று வைத்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்டவுடன் டீ கொடுத்தால் அது சேராது.

இடம் இல்லையே என்று சொல்ல வேண்டாம். வேலியோரம் ஒரு முருங்கைப் போத்தை நடுங்கள். சோப்புக் கலக்காத கழுவுநீர் போகும் வழியில் ஒரு பப்பாளிக் கன்று வையுங்கள். அது போதும்.

கவனிக்க வேண்டியவை

பூஞ்சை பிடித்த கடலை ஆகாது. அதிலுள்ள நஞ்சு வறுத்தாலும் முழுக்கப் போகாது. கடலையை நன்றாகக் காயவைத்துத் தோட்டோடு சேமியுங்கள். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு முழுக் கடலை கொடுக்காதீர்கள், தொண்டையில் அடைக்கும். அவித்த பண்டத்தைச் சூடு ஆறிய பிறகே டப்பாவில் மூடுங்கள். வெயில் காலத்தில் இடைவேளைக்குள் சாப்பிடச் சொல்லுங்கள். பள்ளியில் தரும் குடற்புழு மாத்திரையைத் தவறாமல் போடச் செய்யுங்கள். பிள்ளையின் கீழ் இமை வெளுத்திருந்தால் கிராம சுகாதாரச் செவிலியரிடம் காட்டுங்கள்.

இருவரும் உட்கார்ந்து பேசுங்கள்

உருண்டை பிடிப்பது மனைவியின் வேலை, மூட்டை ஏற்றுவது கணவனின் வேலை என்று விட்டுவிடாதீர்கள். மூட்டை கட்டும் அன்றே பிள்ளையின் பங்கை எடுத்து வைக்க வேண்டியவர் கணவர். ஐந்து கிலோ பருப்பு இருந்தால் 400 உருண்டை. இரண்டு பிள்ளைகளுக்கு 200 பள்ளி நாள் வரும். விதைக் கடலையை எடுத்து வைக்காமல் யாராவது விற்பார்களா? பிள்ளையின் கடலையும் அப்படித்தான். முதலில் அதை எடுத்து வையுங்கள், மீதியை விற்றுக்கொள்ளலாம்.