மோட்டார் வண்டியின் கம்ப்ரெஸர் மீண்டும் மீண்டும் பழுதாவதேன்?

சித்திரை வைகாசி மாதங்களில் புதுச்சேரியில் மோட்டார் வண்டி ஓட்டுவோர்க்குக் குளிர்சாதனம் ஓர் ஆடம்பரமன்று. 1940-ஆம் ஆண்டின் மாதிரி வண்டிகளில் அமெரிக்காவின் பாக்கார்டு கம்பெனியார் அதனை அமைத்த காலத்தில், அதனை நிறுத்துதற்குப் பெல்ட்டையே கழற்ற வேண்டியிருந்தது! இன்று பொத்தானொன்று போதும். ஆயினும், பெரும்பொருள் செலவிட்டு மாற்றிய கம்ப்ரெஸர் சின்னாளிற் கெட்டுப்போக, உடையவர் புதிய பாகத்தையே நிந்தித்தலை நாம் அடிக்கடி காண்கின்றோம்.

கேடு பெரும்பாலும் வேறிடத்திலுள்ளது. கம்ப்ரெஸருக்கு உயிர்நாடி, குளிர்வாயுவோடு கலந்து குழாய்களிற் சுற்றிவரும் எண்ணெயே. வாயுவின் வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்ஸர் வண்டியின் முகப்பிலுள்ளது. கடற்கரையின் உப்புக்காற்று அதன் அலுமினியத்தை அரிக்க, நுண்டுளைகளின் வழியே வாயு கசியும். எண்ணெயும் உடன் கசியும். வாயுவை மட்டும் நிரப்பியனுப்பின், எண்ணெய் போதாமல் கம்ப்ரெஸர் உராய்ந்து தேயும். அவ்வுலோகத் துகள்கள் கண்டென்ஸரின் நுண்வழிகளில் அடைத்துக்கொண்டு, பின்னர்ப் பூட்டும் புதிய கம்ப்ரெஸரையும் கெடுக்கும்.

ஆகவே பணிமனையாரை நாம் வினவவேண்டியவை சிலவுள. கசிவைக் கண்டறிந்தீர்களா? குழாய்களைக் கழுவினீர்களா? (இக்காலத்துக் கண்டென்ஸர்களை முற்றக் கழுவுதல் அரிது, துகள் புகுந்திருப்பின் மாற்றுதலே தக்கது.) ஈரமுறிஞ்சும் வடிகட்டியை மாற்றினீர்களா? ஈரம் எண்ணெயொடு சேரின் அமிலம் பிறந்து உட்பாகங்களை அரிக்கும். ஆதலின் வாயு நிரப்புமுன் குழாய்களை வெற்றிடமாக்குதலும் இன்றியமையாதது. எண்ணெயைக் குறித்த அளவில் ஊற்றினீர்களா?

விசிறியையும் மறத்தலாகாது. நேரு வீதியின் நெரிசலில் வண்டி ஊர்ந்து செல்லுங்கால் கண்டென்ஸருக்குக் காற்றளிப்பது அஃதொன்றே. அது நின்றுவிடின் அழுத்தம் மிகுந்து கம்ப்ரெஸர் திணறும்.