மேலே போர்த்துவதா, அடியோடு பெயர்ப்பதா?

மும்பையின் செம்பூர், முலுண்டு, டோம்பிவிலி முதலிய பகுதிகளில் 1970-களிலும் 1980-களிலும் எழுந்த அடுக்குமாடிக் கட்டடங்களில் தமிழ்க் குடும்பங்கள் பல வாழ்ந்து வருகின்றன. அக்கட்டடங்களுள் பலவற்றிற்கு இப்போது நாற்பது வயது கடந்துவிட்டது. வீட்டின் ஏனைய பகுதிகள் வர்ணம் பூசினால் இளமை பெற்றுவிடும். குளியலறை அவ்வாறு ஏமாறுவதில்லை. டைல்கள் நிறம் மங்குகின்றன; இடுக்குகளில் கருமை படிகின்றது; ஒருநாள் கீழ்வீட்டார் படியேறி வந்து, தங்கள் கூரையில் ஈரவட்டம் தோன்றியிருப்பதாகத் தெரிவிக்கின்றனர். அன்று முதல் அவ்வீட்டில் ஒரே பேச்சுத்தான். பழைய டைல்களின் மீதே புதியவற்றை ஒட்டிவிடலாமா, அன்றி அடித்தளம் வரை பெயர்த்துப் புதிதாக அமைப்பதா?

அமெரிக்காவில் இதே வினா வேறு உருவில் எழுகின்றது. பழைய குளியல் தொட்டியைக் கழற்றாமல், அதன் வடிவிலேயே வார்த்த அக்ரிலிக் உறையொன்றை உள்ளே பொருத்தும் வழக்கம் அங்கு உண்டு. உறையின் ஓரத்திலோ வடிகால் வாயிலோ சிறிது இடைவெளி விழுந்தால், நீர் இரண்டிற்கும் நடுவே புகுந்து, வெளிவர வழியின்றித் தேங்கும். டைலின் மேல் டைல் ஒட்டுவதும் அத்தகையதே. உள்ளே கேடு இல்லாதவிடத்து அது நல்ல சிக்கனம்; கேடு இருக்குமிடத்து அதை மறைக்கும் திரை. ஆதலின் விலை கேட்கும் முன்னர், நீர் எங்கே இருக்கின்றது என்று கேட்டல் வேண்டும்.

நமது பழைய குளியலறைகளின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். குழாய்களும் நஹானி டிராப் எனப்படும் வடிகால் கிண்ணமும் அமைவதற்காக, அவ்வறைகள் பலவற்றில் கான்கிரீட் தளத்தையே தாழ்த்தி அமைத்திருப்பர். அப்பள்ளத்தைச் செங்கல் துண்டுகளும் சிமெண்டுச் சாந்தும் இட்டு நிரப்பி, அதன் மேல் டைல் பதித்திருப்பர். மிஸ்திரிகள் இதனைக் ‘கோபா’ என்பர். மேற்பரப்பில் ஒரு வெடிப்பு விழுந்தால் இந்த நிரப்பு கடற்பஞ்சைப் போல் நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மேலே நடப்பவர்க்கு ஒன்றும் தெரியாது. கீழே கான்கிரீட்டினுள் இருக்கும் இரும்புக் கம்பி துருவேறிப் பருக்கும். பருத்த கம்பி தன்னை மூடிய காரையை வெளியே தள்ளும். கீழ்வீட்டுக் கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழுவது இவ்வாறே. ஈரவட்டத்தை அழகுக் குறையாகக் கருதி வெள்ளையடித்து விடுவோர் இதனை நினைவிற் கொள்வது நன்று.

கசிவின் ஊற்றுக்கண்ணை அறிய அதிகச் செலவில்லை. முதலில், குழாய்களில் நீர்வரத்தை நிறுத்தாமல், இரண்டு மூன்று நாள் அக்குளியலறையைப் பயன்படுத்தாமல் இருந்து பாருங்கள். கீழே சொட்டுதல் சிறிதும் குறையவில்லையெனில், எந்நேரமும் அழுத்தத்தில் நீர் நிற்கும் வரத்துக் குழாயின் மீதே ஐயம் செல்லும். குறைந்தால், தரையோ வடிகாலோ காரணம். நிரப்பில் முன்னரே தேங்கிய நீர் பல நாள் சொட்டக்கூடுமாதலால், அவசர முடிவு கூடாது. பின்னர் நஹானி டிராப்பின் வாயை இறுக அடைத்து, தரையில் ஓரங்குல உயரம் நீர் நிறுத்தி, அதில் சிறிது வர்ணப் பொடியைக் கரைத்து ஒருநாள் முழுதும் விட்டுவைக்கலாம். வர்ணம் கீழே தோன்றினால் தரை ஓட்டை. தோன்றாமல், அடைப்பை நீக்கி நீரை ஓடவிட்ட பின் தோன்றினால் வடிகாலில் குற்றம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மட்டுமே ஈரம் காணுமாயின், பெரும்பாலும் குற்றவாளி வெளிச்சுவரே. அதற்குக் குளியலறையில் எதைச் செய்தும் பயனில்லை.

ஒரு நாணயத்தால் டைல்களைத் தட்டிப் பார்ப்பதும் உதவும். வெற்றொலி எழும் டைல் தன் பிடியை இழந்தது. அதன் மீது ஒட்டும் புதிய டைலும் அதனோடு சேர்ந்தே பெயரும்.

சோதனையில் தரையும் குழாயும் குற்றமற்றவை என்று தெரிந்தால், மேலே ஒட்டுவதில் தவறில்லை. சாதாரணச் சிமெண்டுச் சாந்து வழுவழுப்பான பழைய டைலைப் பற்றாது. டைல் மேல் டைல் ஒட்டுவதற்கென்றே விற்கப்படும் பசைச்சாந்து தேவை. தரை சுமார் அரை அங்குலம் உயரும். அதனால் கதவின் அடியைச் சீவவேண்டி வரும். வாசற்படியின் உயரம் போதாமல் நீர் கூடத்திற்கு வழியவும் கூடும். எடையையும் எண்ணிப் பார்க்க. ஆறடிக்கு நான்கடி அறையில், தரையோடு ஏழடி உயரச் சுவர்களுக்கும் டைல் ஒட்டினால், பசையும் சேர்த்து ஏறத்தாழ 300 கிலோ கூடும். உறுதியான கட்டடம் இதைத் தாங்கும். தளத்தின் காரை ஏற்கெனவே உதிரும் கட்டடத்தில் பொறியாளரைக் கேளாமல் செய்தல் ஆகாது.

மூன்றாவது வழியொன்றும் உண்டு. மிஸ்திரிகள் இதைத் தாமாகச் சொல்வது அரிது. அவர்க்கு வேலை குறைந்துவிடும் அன்றோ! டைல்கள் உறுதியாயிருந்து, இடுக்குகள் மட்டும் உதிர்ந்திருந்தால், அவற்றைச் சுரண்டியெடுத்து எபாக்சி பூச்சை நிரப்பினாலே போதும். மூன்று வழிகளிலும் இதுவே மிகக் குறைந்த செலவினது.

இனிக் கணக்கிற்கு வருவோம். எடுத்துக்காட்டிற்காக மட்டும் சில எண்களை வைத்துக்கொள்வோம். மேலே ஒட்டுவதற்கு 40,000 ரூபாய், அடியோடு புதுப்பிக்க 1,50,000 ரூபாய் என்க. குற்றமற்ற தரையில் முன்னது பத்தாண்டும், பின்னது இருபத்தைந்தாண்டும் நிலைக்குமாயின், ஆண்டுக்கு முறையே 4,000, 6,000 ரூபாய் ஆகின்றது. பணி ஓய்வு பெற்றுச் சில ஆண்டுகளில் திருநெல்வேலிக்கோ கும்பகோணத்திற்கோ திரும்ப எண்ணுவோர்க்கு முதல் வழியே பொருந்தும். ஆனால் அதே 40,000 ரூபாயைக் கசியும் தரையின் மீது செலவிட்டு, மறு ஆண்டே பெயர்க்க நேர்ந்தால் மொத்தம் 1,90,000 ரூபாய். இரண்டடுக்கு டைலை உடைக்கும் கூலி வேறு. எங்கள் கட்டடத்தில் இவ்வாறே நிகழ்ந்தது. மேல்வீட்டு நண்பர் மிக அழகிய டைல்களை ஒட்டினார்; எட்டு மாதத்திற்குள் என் சமையலறைக் கூரை மீண்டும் நனைந்தது. அவர் நல்லவர், ஆயினும் ஓராண்டு நாங்கள் மாடிப்படியில் முகம் பார்த்துப் பேசவில்லை.

சுவரினுள் பழைய இரும்புக் குழாய்கள் புதைந்திருந்தால், இப்போது கசிவு இல்லாவிடினும் அடியோடு செய்வதே மேல் என்பது என் கருத்து. அவை உள்ளிருந்தே துருவேறுவன. ஆனால் பெயர்க்கும் வேலையின் செலவு மிஸ்திரியின் மதிப்பீட்டோடு முடிவதில்லை. இடிபாட்டு மூட்டைகளைக் கீழிறக்கி அகற்றும் கூலி, கீழ்வீட்டுக் கூரைக்கு வர்ணம், ஒரே குளியலறை உள்ள வீடாயின் இரண்டு மூன்று வாரம் குளிக்க வேறிடம், இவையெல்லாம் சேரும். சொசைட்டியின் அனுமதியையும் முன்கூட்டியே பெறவேண்டும். மகாராஷ்டிரத்தில் கூட்டுறவு வீட்டுச் சங்கங்களுக்கான மாதிரி விதிகளின்படி, குளியலறையின் உட்கசிவிற்கு அவ்வீட்டாரே பொறுப்பு. வெளியே செல்லும் பொதுக் குழாயின் கசிவிற்குச் சங்கம் பொறுப்பு. மேலே கூறிய வர்ணப் பொடிச் சோதனை இவ்வழக்கிலும் உதவும். கீழ்வீட்டாரையும் சங்கச் செயலாளரையும் உடன் வைத்துக்கொண்டு அதைச் செய்யுங்கள். வாடகைக்கு இருப்போர் தம் கைப்பணத்தை இதில் இறக்காமல், வீட்டுக்காரருக்கு எழுத்து மூலம் தெரிவித்தல் தக்கது.

அடியோடு செய்விப்போர் ஒன்றை வற்புறுத்த வேண்டும். பழைய நிரப்பை நீக்கி, தளத்தில் நீர்த்தடைப் பூச்சு பூசிக் காய்ந்ததும், டைல் பதிக்கும் முன்னரே, வடிகாலை அடைத்து இரண்டு நாள் நீர் நிறுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். “நாள் வீணாகிறது, சாப்” என்பார் மிஸ்திரி. கீழ்வீட்டுக் கூரை அவ்விரண்டு நாளும் உலர்ந்திருப்பதைக் கண்ட பின்னரே அடுத்த தவணையைக் கொடுங்கள்.