மட்டைத் தட்டைச் சோதிப்பது யார்?

பாக்கு மரத்தில் இலை முற்றிப் பழுத்தால், அடியில் தண்டைப் போர்த்தியிருக்கும் மட்டையோடு தானாகவே கீழே விழுந்துவிடும். முன்பெல்லாம் அடுப்புக்கும் உரக்குழிக்கும் போன மட்டை அது. இப்போது அதைத் தேய்த்துக் கழுவி, சற்று நேரம் ஊறவைத்து, சூடேற்றிய இரும்பு அச்சுகளுக்கு நடுவே வைத்து அழுத்தினால் தட்டு தயார். பசையும் பூச்சும் கிடையாது. ஈரமும் சூடும் சேர்ந்து நாரை இளக்குகின்றன. ஈரம் ஆவியாகிப் போனதும் அச்சின் வடிவம் அப்படியே நின்றுவிடுகிறது.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதலும், நாடு முழுவதும் 2022 ஜூலை 1 முதலும் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருட்கள் பலவற்றுக்குத் தடை வந்தது. அந்தத் தடையை நம்பிக் கடன் வாங்கி அச்சு இயந்திரம் போட்டவர்கள் இருக்கிறார்கள். மழைதான் இந்தத் தொழிலின் பெரிய தலைவலி. மட்டையில் ஈரம் தங்கினால் பூஞ்சை பிடித்துக் கறுத்துவிடும். அதனால் கோடையிலேயே காய்ந்த மட்டையை மொத்தமாக வாங்கி அடுக்க வேண்டும். கைமுதல் அங்கேயே முடங்கிவிடும்.

இந்த நிலையில்தான் 2025 மே மாதம் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இந்தத் தட்டுகளுக்கு எதிராக எச்சரிக்கை விடுத்தது. பாக்கு மரத்தில் அரிகோலின் போன்ற ஆல்கலாய்டுகள் உண்டு. அவை தட்டிலிருந்து உணவில் இறங்கலாம் என்பது அதன் வாதம். கொட்டைப்பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. கொட்டையை மெல்வதும் மட்டையில் சாப்பிடுவதும் ஒன்றாகிவிடாதுதான். ஆனால் இயற்கைப் பொருள் என்று சொல்லிக் கேள்வியை ஒதுக்குவது சாப்பிடுகிறவருக்குச் செய்யும் துரோகம். கரும்புச் சக்கைக் கிண்ணங்களிலும் இப்படி ஒன்று நடந்தது. எண்ணெய் ஊறாமலிருக்க அவற்றில் சேர்க்கப்பட்ட ஃபுளூரின் வேதிப்பொருட்கள் மண்ணில் மட்காமல் தங்குபவை என்பது பிறகே பேசுபொருளானது.

தட்டிலிருந்து அரிகோலின் உணவில் இறங்குகிறதா என்ற சோதனையை இரண்டு இயந்திரம் வைத்திருக்கும் குடும்பத்தின் தலையில் கட்டக் கூடாது. காசர்கோட்டில் மத்தியத் தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. கொதிக்கும் சாம்பார், எண்ணெய் மிதக்கும் குருமா, தயிர் மூன்றையும் தட்டில் ஊற்றிவைத்து, சாப்பிட்டு முடிக்கும் நேரத்துக்குள் எவ்வளவு அரிகோலின் இறங்குகிறது என்று அவர்கள் அளந்து, முடிவைப் பொதுவில் வைக்க வேண்டும். மட்டையைக் கூடுதல் நேரம் ஊறவைத்துத் தண்ணீரை மாற்றினால் அந்த அளவு குறைகிறதா என்பதையும் அதே கையோடு பார்த்துவிடலாம். குறைந்தால் இன்னொரு தொட்டி கட்டும் செலவோடு போகும். குறையாவிட்டால், அதே இயந்திரத்தில் மந்தார இலையையோ வேறு இலையையோ அழுத்த அச்சு மாற்றித் தருவதற்கு அரசு மானியம் ஒதுக்க வேண்டும்.