பாகம் மாற்றியபின் டிஸ்ப்ளே வரவில்லை

புது ரேம், எஸ்எஸ்டி, கிராபிக்ஸ் கார்டு என எதையாவது மாட்டியபின் கணினி கிளம்ப மறுத்தால், போர்டு போய்விட்டது என்ற முடிவுக்குத்தான் பலரும் முதலில் வருகிறார்கள். அப்படி நடப்பது அரிது. சரியாக அமராத ரேம், வேலையின்போது கழன்ற ஒயர், பொருந்தாத வகை, பழைய அமைப்பையே நினைவில் வைத்திருக்கும் பயாஸ் ஆகியவைதான் அடிக்கடி காரணமாகின்றன. மாற்றுவதற்கு முன்புவரை இயந்திரம் ஓடியது என்பதே பழுது பார்ப்பவருக்குக் கிடைக்கும் முதல் துப்பு. கடைசியாக எதைத் தொட்டோமோ அதையும், தொடும்போது கை பட்ட அக்கம்பக்கத்தையும் பார்த்துவிட்டுத்தான் வேறெங்கும் தேட வேண்டும்.

விருதுநகர் மாவட்டத்தில் இந்தச் சிக்கலில் மாட்டும் கணினிகளில் இரண்டு வகையைக் குறிப்பாகச் சொல்லலாம். ஒன்று, 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அரசு நிறுவனமான எல்காட் கொள்முதல் செய்து கொடுத்தவை. மல்லாங்கிணறு, காரியாபட்டி வட்டாரத்துப் பல வீடுகளில் முதன்முதலில் நுழைந்த கணினி அதுதான். பிளஸ் டூவில் வாங்கிய அக்கா படித்து முடித்து வேலைக்குப் போனபின் தம்பி அதை ஓட்டுகிறான். ஹார்டு டிஸ்கைக் கழற்றி எஸ்எஸ்டி போட்டு, ரேமையும் கூட்டினால் இன்னும் சில ஆண்டு தாங்கும். மற்றது சிவகாசி அச்சகங்களின் டிடிபி கணினி. காலண்டர் ஆல்பம் ஆடிப்பெருக்கன்று வெளிவர வேண்டும். அதற்கு முந்தைய வாரங்களில் கோரல்டிராவிலும் போட்டோஷாப்பிலும் கனமான கோப்பு திறக்கத் திணறும்போதுதான் ரேமும் கிராபிக்ஸ் கார்டும் நினைவுக்கு வரும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது, பழைய பெட்டியைப் பிரிக்க இன்னொரு காரணம். மல்லாங்கிணற்றுக்காரரான தங்கம் தென்னரசு, 2025 மார்ச் 14 அன்று தமிழக நிதியமைச்சராக வாசித்த நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ வழங்கப்படும் என்று அறிவித்தார். புதியது வந்தாலும் பழையதை யாரும் குப்பையில் போடுவதில்லை.

கணினி கிளம்புவதற்கு ஒரு வரிசை உண்டு. பொத்தானை அழுத்தியதும் மின்வழங்கிப் பெட்டியான எஸ்எம்பிஎஸ் 12, 5, 3.3 வோல்ட் மின்சாரத்தைத் தயார் செய்கிறது. அது நிலைபெற்றதும் மதர்போர்டுக்குச் சைகை போகும். அதன்பின்தான் ப்ராசஸர் விழித்து, போர்டில் உள்ள ஃபிளாஷ் சிப்பிலிருந்து பயாஸைப் படிக்கிறது. பயாஸ் ரேமைச் சோதித்து, கிராபிக்ஸை எழுப்பி, கீபோர்டு, டிஸ்க் என்று ஒவ்வொன்றாகக் கணக்கெடுக்கிறது. இந்தச் சோதனைக்கு போஸ்ட் என்று பெயர். அதில் தேறினால் டிஸ்கில் இருக்கும் பூட் லோடரிடம் பொறுப்பு கைமாறி விண்டோஸோ லினக்ஸோ ஏறும். 1981 ஆகஸ்டில் வந்த ஐபிஎம் பிசி முதல் இந்த வரிசை பெரிதாக மாறவில்லை. பயாஸின் இடத்தை இப்போது யுஇஎஃப்ஐ பிடித்துவிட்டாலும் கடைக்காரர் வாயில் அது இன்னும் பயாஸ்தான். இங்கும் அப்படியே சொல்லலாம்.

ஆகவே ‘ஆன் ஆகவில்லை’ என்ற ஒரே புகாருக்குள் மூன்று வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. ஃபேனே சுற்றாதது ஒன்று. ஃபேன் சுற்றியும் டிஸ்ப்ளே வராதது இன்னொன்று. டிஸ்ப்ளே வந்தும் விண்டோஸ் வராதது மூன்றாவது. எது என்று தெரியாமல் ஸ்குரூடிரைவரை எடுப்பது வீண்.

ஃபேன் சுற்றவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ் பின்பக்கச் சுவிட்ச், மதர்போர்டின் 24 பின் இணைப்பு, ப்ராசஸருக்குத் தனியாக வரும் 4 அல்லது 8 பின் இணைப்பு, கேபினட்டின் பவர் பொத்தானிலிருந்து வரும் மெல்லிய ஒயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். புது கார்டு மாட்டக் கையை நுழைக்கும்போது இந்த மெல்லிய ஒயர்தான் முதலில் கழலும். ஃபேன் அரைச் சுற்று சுற்றி நின்றால் எங்கோ ஷார்ட் ஆகிறது. போர்டையே மாற்றியிருந்தால், துளைக்கு நேரில்லாத இடத்தில் போர்டைத் தாங்கும் பித்தளைக் கால் ஒன்று மிச்சமாகி அடியில் முட்டிக்கொண்டிருக்கலாம். கிராபிக்ஸ் கார்டு ஸ்லாட்டிலிருந்து 75 வாட் வரை எடுக்கும். மேற்கொண்டு 6 பின் இணைப்பு 75 வாட், 8 பின் இணைப்பு 150 வாட் தரும். கேபினட்டோடு இனாமாக வந்த எஸ்எம்பிஎஸ் இந்தச் சுமையைத் தாங்காமல் கட் ஆகலாம். அதன் லேபிளில் அச்சிட்ட வாட் கணக்கை அப்படியே நம்புவதற்கில்லை. எஸ்எம்பிஎஸ்ஸைத் திறந்து பார்ப்பது மட்டும் கூடாது. 230 வோல்ட் உள்ளே போய் நேர்மின்சாரமாகும்போது ஏறத்தாழ 325 வோல்ட் ஆகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கும்.

இரண்டாவது வகைதான் ஆளைச் சுற்றலில் விடுவது. விளக்கு எரிகிறது, ஃபேன் ஓடுகிறது, திரை மட்டும் கறுப்பு. இங்கே முதல் சந்தேகம் ரேம். ஸ்லாட்டின் கொக்கி ‘டக்’கென்று விழும்வரை அழுத்தாமல் விட்டதுதான் பாதிச் சமயம் காரணம், புது போர்டை நெளித்துவிடுவோமோ என்ற பயத்தில் கை தயங்கும். கழற்றி, ஸ்லாட் மாற்றி, ஒன்றை மட்டும் போட்டுப் பார்க்க வேண்டும். ரேமின் தங்க முனைகளை ரப்பரால் தேய்க்கும் வைத்தியம் ஊரெங்கும் உண்டு, அதற்குப் பலனும் உண்டு. மெல்லத் தேய்த்து, துகளைத் தூரிகையால் தட்டிவிட்டால் போதும். உப்புத்தாள் ஆகாது. வாயால் ஊதுவது எச்சிலைத்தான் சேர்க்கும். அச்சகத்து டிடிபி அறையில் இது இன்னும் முக்கியம். ஆஃப்செட் தாள்கள் ஒன்றோடொன்று மை ஒட்டாமலிருக்கத் தூவும் மாவுப் பவுடர் காற்றில் பறந்து, பக்கத்து அறைக் கணினியின் காலி ஸ்லாட்டில் படியும். எத்தனையோ நாளாகக் காலியாகக் கிடந்த இரண்டாவது ஸ்லாட்டில் புது ரேமைச் செருகும்போது அந்தப் படிவுக்கு மேல்தான் அது உட்கார்கிறது.

ரேம் நன்றாக அமர்ந்தும் வரவில்லை என்றால் வகையைப் பார்க்க வேண்டும். மடிக்கணினி ரேமில் டிடிஆர்3-க்கு 204 முனை, டிடிஆர்4-க்கு 260, டிடிஆர்5-க்கு 262. வெட்டும் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் மாற்றிச் செருகவே முடியாது. ஏமாற்றுவது டிடிஆர்3-க்குள் இருக்கும் இரண்டு பிரிவு. சாதாரண டிடிஆர்3 1.5 வோல்ட்டில் ஓடும், டிடிஆர்3எல் 1.35 வோல்ட்டில் ஓடும். வடிவம் ஒன்றே. டிடிஆர்3எல் ரேம் பொதுவாக இரண்டு அழுத்தத்திலும் வேலை செய்யும். 1.35 வோல்ட் மட்டுமே தரும் மடிக்கணினியில் சாதாரண டிடிஆர்3-ஐப் போட்டால் டிஸ்ப்ளே வராது, ரேமில் ஒரு குறையும் இருக்காது. டெஸ்க்டாப்புக்கு மலிவாகக் கிடைக்கும் சில டிடிஆர்3 ரேம்கள் ஏஎம்டி போர்டுகளுக்கு மட்டுமே ஆனவை. இன்டெல் போர்டு அவற்றை ஏற்காது. விளம்பரத்தின் ஓரத்தில் சின்ன எழுத்தில் அது எழுதியிருக்கும்.

புது டிடிஆர்5 போர்டுகளில் தலைகீழான சிக்கல். ரேம் மாற்றியபின் முதல்முறை கிளம்பும்போது, போர்டு அந்த ரேமின் நேரக் கணக்கைத் தானே அளந்து பழகிக்கொள்கிறது. சில நிமிடம் திரை கறுப்பாகவே இருக்கும். பொறுமையிழந்து பொத்தானை அழுத்தி அணைப்பவர், அந்த அளவையை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து தொடங்க வைக்கிறார். பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதுதான் இங்கே வைத்தியம்.

அடுத்தது பயாஸின் பழைய நினைவு. பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சற்று நேரம் அழுத்தி மிச்ச மின்சாரத்தை வடித்து, போர்டில் உள்ள வட்டப் பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி வைத்தால் அமைப்புகள் அழிந்து தொழிற்சாலை நிலைக்கு வரும். அந்தப் பேட்டரி சிஆர்2032. 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். பத்தாண்டு ஆன கணினியில் அதையே புதிதாக மாற்றிவிடலாம். ஆனால் இந்த அழிப்பு இன்னொரு கதவைத் திறக்கும்: டிஸ்க் தொடர்பான அமைப்பும் சேர்ந்து மாறிவிடுவதால், டிஸ்ப்ளே வந்தபின் விண்டோஸ் முரண்டு பிடிக்கலாம். முடிந்தால் முன்னதாக பயாஸ் திரைகளை செல்போனில் படம் எடுத்து வைப்பது உதவும்.

கிராபிக்ஸ் கார்டு மாட்டியிருந்தால் மானிட்டர் ஒயர் எங்கே செருகியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பழக்க தோஷத்தில் மதர்போர்டு முனையிலேயே செருகியிருப்பார்கள். பழைய பயாஸ் போர்டில் இன்றைய கார்டு டிஸ்ப்ளே தராமல் போவதும் உண்டு. ப்ராசஸரை மாற்றியவர்களுக்கு சாக்கெட் பொருந்தினால் மட்டும் போதாது. அந்த ப்ராசஸரை அறிந்த பயாஸ் பதிப்பும் வேண்டும். 2018-இல் ரைசன் வாங்கியவர்கள் பலர் இதில் மாட்டியபோது, பயாஸைப் புதுப்பித்துக்கொள்ள ஏஎம்டி நிறுவனமே ஒரு ப்ராசஸரை இரவல் கொடுத்து வாங்கிக்கொண்டது.

எதில் குறை என்று பிடிபடாவிட்டால் கழிக்க வேண்டியதுதான். மதர்போர்டு, ப்ராசஸர், கூலர், ஒரே ஒரு ரேம், எஸ்எம்பிஎஸ், திரை மட்டும் இருக்கட்டும். மற்ற எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். இதில் டிஸ்ப்ளே வந்தால், ஒவ்வொன்றாகச் சேர்த்து ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பார்க்கலாம். புது போர்டுகளில் சிபியு, ரேம், விஜிஏ, பூட் என நான்கு சின்ன எல்இடிகள் இருந்தால் நின்ற படியை அவையே காட்டும். பழையவற்றில் பீப் ஒலிதான் மொழி. நிறுவனத்துக்கு நிறுவனம் அதன் அர்த்தம் மாறுவதால் போர்டின் கையேட்டைப் பார்க்காமல் ஊகிக்கக் கூடாது.

மூன்றாவது வகையில் லோகோ வரும், பயாஸுக்குள் போக முடியும், பிறகு ‘பூட் டிவைஸ் இல்லை’ என்று ஒரு வரி. எஸ்எஸ்டி போட்டவர்களிடம் இதுதான் அதிகம். பயாஸ் பட்டியலில் எஸ்எஸ்டி பெயர் தெரிகிறதா என்பது முதல் கேள்வி. தெரியவில்லை என்றால் இணைப்போ வகையோ பிழை. பழைய மடிக்கணினிகளின் டிஸ்க் அறை 9.5 மில்லிமீட்டர் தடிமனுக்கானது; எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர். அணைப்புச் சட்டம் இல்லாமல் போட்டால் ஆடிக் கழலும். எம்.2 வடிவத்தில் சாட்டா, என்விஎம்இ என இரண்டு இனம் உண்டு, ஒன்றுக்கான ஸ்லாட் மற்றதை ஏற்க வேண்டும் என்பதில்லை. சில போர்டுகளில் எம்.2-ஐப் பயன்படுத்தினால் ஒன்றிரண்டு சாட்டா முனைகள் அணைந்துவிடும். டிசைன் கோப்புகள் இருந்த பழைய டிஸ்க் ‘காணாமல் போவது’ அதனால்தான்.

பெயர் தெரிந்தும் கிளம்பவில்லை என்றால் பூட் லோடர் எங்கே இருக்கிறது என்று யோசிக்க வேண்டும். பழைய ஹார்டு டிஸ்க் இணைப்பில் இருக்கும்போதே எஸ்எஸ்டியில் விண்டோஸ் நிறுவினால், கிளப்பும் பகுதியை அது பழைய டிஸ்கிலேயே எழுதிவிடக்கூடும். எல்லாம் நன்றாக ஓடும். சில வாரம் கழித்துப் பழைய டிஸ்கைக் கழற்றிய அன்று படுத்துவிடும். நிறுவும்போது எஸ்எஸ்டியை மட்டும் மாட்டி வைத்தால் இந்தத் தலைவலியே இல்லை. அரசு மடிக்கணினிகளில் இன்னொன்று உண்டு. விண்டோஸுடன், மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவற்றில் சேர்ந்து வந்தது. இரண்டில் எது என்று கேட்கும் கிரப் என்ற நிரல்தான் முதலில் ஓடும். டிஸ்கை நகலெடுக்கும்போது, யாரும் தொடாத லினக்ஸ் பகுதி எதற்கு என்று விட்டுவிட்டால், கிரப்பின் முன்பாதி மட்டும் புது டிஸ்குக்கு வந்து, பின்பாதியைத் தேடி, கறுப்புத் திரையில் மீட்பு வரியோடு நிற்கும். முழு டிஸ்கையும் மறுபடி நகலெடுக்கலாம். அல்லது விண்டோஸ் நிறுவல் பென்டிரைவில் உள்ள ஸ்டார்ட்அப் ரிப்பேரை ஓட்டலாம்.

பேட்டரியைக் கழற்றியபின் வரும் நீலத் திரைக்கு, சாட்டா அமைப்பு ஏஎச்சிஐயிலிருந்து வேறொன்றுக்கு மாறியிருப்பது காரணமாகலாம். முன்பு எப்படி இருந்ததோ அப்படி வைத்தால் சரியாகும். லெகஸி எனப்படும் பழைய பயாஸ் முறையில் நிறுவிய விண்டோஸை யுஇஎஃப்ஐ அமைப்பு கிளப்பாது, மறுதலையும் அப்படியே. டிஸ்கில் விண்டோஸின் பிட்லாக்கர் பூட்டு இருந்தால், வன்பொருள் மாறியதைக் கண்டு 48 இலக்க மீட்புச் சாவி கேட்கும். அது பெரும்பாலும் மைக்ரோசாப்ட் கணக்கில் சேமித்திருக்கும். சாவி இல்லாமல் உள்ளே இருப்பதை எந்தக் கடைக்காரராலும் எடுத்துத் தர முடியாது.

உண்மையிலேயே பாகம் செத்துப்போவதற்கான வழிகளில் ஒன்று நிலை மின்சாரம். சிவகாசி வட்டாரத்துக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மருந்து அறைக்குள் போகிறவர் பருத்தி உடுத்தி, வாசலில் நிலத்தோடு இணைத்த உலோகத் தகட்டைத் தொட்டு உடலின் மின்னேற்றத்தை இறக்கிவிட்டுத்தான் நுழைய வேண்டும் என்பது பட்டாசு ஆலைப் பாதுகாப்பின் பாடம். ஏறத்தாழ 3,000 வோல்ட்டுக்குக் கீழே மனித விரலுக்குச் சுருக்கென்று கூடத் தெரியாது. நுட்பமான சிப்புக்கு நூறு வோல்ட்டே அதிகம். பாலியெஸ்டர் சட்டையோடு பிளாஸ்டிக் பாயில் உட்கார்ந்து ரேம் மாற்றுவது கெட்ட பழக்கம். பிளக்கைப் பிடுங்கியபின், வண்ணம் பூசாத கேபினட் உலோகத்தை முதலில் தொட்டுக்கொள்ளலாம்; ரேமைப் பக்கவாட்டில் பிடிக்கலாம். கணினி ஓடும்போது கேபினட்டைத் தொட்டால் சுருக்கென்றால் அது வேறு விஷயம்: வீட்டில் எர்த் இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் வடிகட்டி வழியாகக் கசியும் மின்சாரம் போக்கிடமில்லாமல் உலோகத்தில் நிற்கிறது. கரிசல் மண் கோடையில் காய்ந்து வெடிக்கும்போது கரியும் உப்பும் போட்ட எர்த் குழியும் காயும். அதில் தண்ணீர் ஊற்ற வேண்டியது எலக்ட்ரீஷியன் வேலை இல்லை, வீட்டுக்காரர் வேலை.

மடிக்கணினியில் அடாப்டரைப் பிடுங்கினால் மட்டும் போதாது. உள் பேட்டரியின் இணைப்பையும் எடுத்த பிறகே ரேமைத் தொட வேண்டும். ஒரு ரேம் போர்டோடு பற்றவைத்து வரும் மாடல்களில், ஸ்லாட்டைக் காலியாக விட்டு ஓட்டிப் பார்த்தாலே புது ரேமா பழைய பகுதியா என்று தெரிந்துவிடும். இதிலும் பிடிபடாமல் கடைக்கு எடுத்துப்போனால் கழற்றிய பழைய ரேமையும் டிஸ்கையும் கையோடு கொண்டுபோக வேண்டும். அவற்றைத் திரும்பப் போட்டு ஓடுகிறதா என்றுதான் கடைக்காரர் முதலில் பார்ப்பார். ஓடினால் பில்லைக் காட்டிப் புது பாகத்தை மாற்றிக்கொள்ளலாம். ‘ஃபார்மட் போட்டால் சரியாகிவிடும்’ என்று யாராவது சொன்னால், எந்த டிஸ்கில், எதற்கு என்று கேட்க வேண்டும். டிஸ்ப்ளேயே வராத கணினிக்கு ஃபார்மட் எந்த விதத்திலும் உதவாது.