விளையாட்டு வினையானால்... யார் பொறுப்பு?

துவாரகையில் யாதவ வாலிபர்களுக்கு ஒரு நாள் பொழுது போகவில்லை. ஊருக்கு முனிவர்கள் சிலர் வந்திருந்தார்கள். கிருஷ்ணனின் மகன் சாம்பனுக்குப் புடவை கட்டி, கர்ப்பிணி வேஷம் போட்டு, அவர்கள் முன்னே கொண்டுபோய் நிறுத்தினார்கள் வாலிபர்கள். "சுவாமி, இவளுக்குப் பிறக்கப்போவது ஆணா, பெண்ணா?" என்று பவ்யமாகக் கேட்டார்கள். முனிவர்களுக்கு வந்ததே கோபம்! "இரும்பு உலக்கை பிறக்கும், அதனால் உங்கள் குலமே அழியும்" என்று சபித்துவிட்டார்கள். உலக்கையைப் பொடியாக்கிக் கடலில் போட்டும் பயனில்லை. பொடி கரை ஒதுங்கிக் கோரையாக முளைத்தது. அந்தக் கோரையைப் பிடுங்கி ஒருவரையொருவர் அடித்துக்கொண்டு யாதவர்கள் மாண்டார்கள்.

இந்தக் கதையைக் கேட்கிற குழந்தை பாட்டியிடம் ஒரு கேள்வி கேட்காமல் இராது. "பாட்டி, தப்பு யார் பேரில்?" வேஷம் போட்டுக்கொண்ட சாம்பன் பேரிலா? யோசனை சொன்ன சிநேகிதர்கள் பேரிலா? சின்ன விஷமத்துக்குப் பெரிய சாபம் கொடுத்த முனிவர்கள் பேரிலா? குடிவெறியில் கோரையைப் பிடுங்கியவர்கள் பேரிலா? பாட்டிமார் பெரும்பாலும், "நாழியாச்சு, தூங்கு, நாளைக்குச் சொல்கிறேன்" என்று நழுவிவிடுவார்கள்.

ஆனால் ரேடியோ என்ற ஒன்று வந்த பிறகு அப்படி நழுவ முடியவில்லை. பத்துப் பேர் சேர்ந்து செய்கிற குறும்பு ஒரே நிமிஷத்தில் லட்சம் வீடுகளுக்குள் நுழைந்துவிடுகிறது. அது வினையாக முடியும்போது, "தப்பு யார் பேரில்?" என்ற கேள்வி போலீஸ் ஸ்டேஷனுக்கும் நீதிமன்றத்துக்கும் வந்து நிற்கிறது.

கிட்டோ நகரத்து இரவு

தென் அமெரிக்காவில் எக்குவடார் என்று ஒரு சிறிய நாடு. மலைகளுக்கு நடுவே அமைந்த அதன் தலைநகர் கிட்டோ. 1949-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் தேதி, சனிக்கிழமை இரவு. ஊரார் பலர் சாவகாசமாக உட்கார்ந்து ரேடியோவில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். திடீரென்று பாட்டு நின்றது. அவசரச் செய்தி ஒன்று வந்தது. தெற்கே லட்டகுங்கா என்ற ஊர்ப் பக்கம் செவ்வாய்க் கிரகத்திலிருந்து எதிரிகள் வந்து இறங்கிவிட்டார்களாம். நாசம் செய்துகொண்டு தலைநகரை நோக்கி வருகிறார்களாம்!

அடுத்தடுத்துச் செய்திகள் வந்தன. விமானத் தளம் போய்விட்டது என்றார்கள். மந்திரியின் குரல் வந்தது. நகரத் தலைவரின் குரல் வந்தது. பெண்களும் குழந்தைகளும் மேடான இடங்களுக்குப் போய்விடும்படி சொன்னது. எல்லாம் நடிகர்களின் குரல்! கேட்டவர்களுக்கு அது எப்படித் தெரியும்? ஜனங்கள் போட்டது போட்டபடி தெருவுக்கு ஓடி வந்தார்கள். கோயில்களில் கூடிப் பிரார்த்தனை செய்தார்கள்.

'செவ்வாய்க் கிரகமாவது, படையெடுப்பாவது! இதைக்கூடவா நம்புவார்கள்?' என்று நாம் சிரிக்கலாம். ஆனால் அதற்கு எட்டே வருஷங்களுக்கு முன்னால்தான், 1941-ல், பக்கத்து நாடான பெருவின் சேனை எக்குவடாருக்குள் புகுந்திருந்தது. எக்குவடார் உரிமை கொண்டாடிய பெரும் பிரதேசம் கைவிட்டுப் போயிருந்தது. 'எதிரி வந்துவிட்டான்' என்ற வார்த்தை அந்த ஜனங்களுக்குக் கட்டுக்கதை அல்ல. ஆறாத புண்.

ஊர் அமளிப்படுவதைக் கண்ட நிலையத்தார், "இது வெறும் நாடகம், பயப்படாதீர்கள்" என்று அறிவித்தார்கள். பயம் போயிற்று. அது போன இடத்தில் கோபம் வந்து உட்கார்ந்தது. ரேடியோ கிட்டோ என்ற அந்த நிலையம், 'எல் கொமெர்சியோ' என்ற பெரிய தினசரிக்குச் சொந்தமானது; பத்திரிகைக் கட்டடத்திலேயே இருந்தது. கூட்டம் அங்கே திரண்டது. முதலில் கல் பறந்தது. பிறகு யாரோ நெருப்பு வைத்தார்கள். அச்சகமாயிற்றே, காகிதத்துக்கும் மைக்கும் பஞ்சமா? சிலர் பின்வாசல் வழியாகத் தப்பினார்கள். சிலர் மேல் மாடிகளில் அகப்பட்டுக்கொண்டார்கள். போலீஸாரில் பலர் இல்லாத எதிரியைத் தேடி ஊருக்கு வெளியே போயிருந்ததால், உதவி வந்து சேர நேரமாயிற்று. கடைசியில் ராணுவம் வந்துதான் கூட்டத்தைக் கலைத்தது. குறைந்தது ஆறு பேர் இறந்துபோனார்கள்.

"நாங்கள் நினைக்கவே இல்லை!"

இந்த நாடகம் கிட்டோக்காரர்களின் சொந்தச் சரக்கு அல்ல. எச். ஜி. வெல்ஸ் என்ற ஆங்கில ஆசிரியர் 1898-ல் புத்தகமாக வெளியிட்ட கதை அது. அமெரிக்காவில் 1938-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் தேதி ஆர்சன் வெல்ஸ் என்ற இருபத்து மூன்று வயது இளைஞர் அதை ரேடியோ நாடகமாக்கினார். ஆரம்பத்திலேயே நாடகம் என்று சொல்லியிருந்தும், நடுவில் கேட்க ஆரம்பித்தவர்களில் சிலர் பயந்துபோனார்கள். மறுநாள் பத்திரிகைகள் அதை ஒன்றுக்குப் பத்தாக்கி, தேசமே கதிகலங்கியதாக எழுதின. வெல்ஸ் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். ஆனால் அவர் பெயர் உலகமெங்கும் பரவியது.

புகழ் மட்டுமே பிறர் கண்ணில் பட்டது. கிட்டோவில் நாடகத்தை நடத்திய லியோனார்டோ பாயெஸும் ஊரை ஒரு கலக்குக் கலக்க ஆசைப்பட்டவர்தான். யாரையும் கொல்ல நினைத்தவர் அல்ல. அன்றிரவு தீயில் தவித்தவர்கள் அவருடைய சகாக்கள். பிற்பாடு அவர் நாட்டை விட்டு வெனிஸுவேலா போய் வாழ்ந்தார்.

சரி, பழி யார் மேல்? தீ வைத்தவன் கொலைகாரன், சந்தேகமில்லை. 'என்னை ஏமாற்றினார்கள்' என்பது கட்டடத்தைக் கொளுத்த லைசென்ஸ் ஆகாது. அச்சுக் கோத்துக்கொண்டிருந்தவன் என்ன பாவம் செய்தான்? ஆனால் தீ வைத்தவன் குற்றவாளி என்பதால் புரளி கிளப்பியவர் நிரபராதி ஆகிவிடுவாரா? மந்திரியின் குரலையும் நகரத் தலைவரின் குரலையும் கடன் வாங்கினாரே, எதற்காக? ஜனங்கள் நம்பவேண்டும் என்றுதானே? நம்பவைக்க இத்தனை சிரமப்பட்டவர், 'இப்படி நம்பிவிடுவார்கள் என்று நினைக்கவில்லை' என்று சொன்னால் எடுபடுமா?

'நேரடி ஒலிபரப்பு, கைமீறிப் போய்விட்டது, நிதானிக்க அவகாசம் இல்லை' என்று அவருக்காக வேண்டுமானால் வாதாடலாம். நிதானிக்க வேண்டிய மட்டும் அவகாசம் இருந்த ஒரு சம்பவத்தையும் பார்த்துவிடுவோம்.

விடியற்காலை டெலிபோன்

2012-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். இங்கிலாந்து ராஜ குடும்பத்து மருமகள் கேதரின், மசக்கை வாந்தி மிகவும் கடுமையாகி, லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டிருந்தார். 4-ஆம் தேதி விடியற்காலை அங்கே டெலிபோன் மணி அடித்தது. அந்த நேரத்தில் வரவேற்பு மேஜையில் ஆள் இல்லை. பணியிலிருந்த நர்ஸ் ஒருவர் எடுத்தார். இந்தியாவில் பிறந்து அங்கே போய் வேலை பார்த்தவர், குழந்தைகளுக்குத் தாய். எலிசபெத் மகாராணி பேசுவதாக மறுமுனையில் குரல் சொன்னது. அவர் மரியாதையோடு வார்டுக்கு இணைப்புக் கொடுத்தார். அவ்வளவுதான் அவர் செய்தது. வார்டிலிருந்த மற்றொரு நர்ஸ், 'மகாராணி' கேட்டதற்கெல்லாம் பதிலாக நோயாளியின் நிலைமையைச் சொன்னார்.

பேசியது மகாராணியும் அல்ல, கூட வந்த குரல் இளவரசர் சார்லஸும் அல்ல. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து ரேடியோ நிலையம் ஒன்றின் அறிவிப்பாளர்கள் இருவர்! பேச்சு ஒலிப்பதிவு செய்யப்பட்டது. நிலையத்தார் கேட்டார்கள், சட்ட ஆலோசகர்கள் கேட்டார்கள், 'போடலாம்' என்றார்கள். ஒலிபரப்பானது. உலகம் சிரித்தது. மூன்றாம் நாள் அந்த முதல் நர்ஸ் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

ஒரு மனிதர் இப்படி முடிவெடுத்தால், 'இது ஒன்றுதான் காரணம்' என்று வெளியிலிருப்பவர்கள் அடித்துச் சொல்லிவிட முடியாது. மனம் ஆழமான கிணறு. ஆனால் அந்த டெலிபோன் விவகாரம் அவர் மனத்தை அழுத்திக்கொண்டிருந்தது என்பது 2014-ல் லண்டனில் நடந்த மரண விசாரணையில் வெளிப்பட்டது.

அறிவிப்பாளர்கள் கண்ணீர் விட்டு மன்னிப்புக் கேட்டார்கள். அவர்களில் ஒருவர், ஒலிபரப்புவதற்கு முன்னால் பதிவில் மாறுதல் செய்யச் சொன்னதாகவும், அது எடுபடவில்லை என்றும் பிற்பாடு கூறினார். முந்தின நாள் வரை சிரித்த உலகம் இப்போது அவர்கள் மேல் பாய்ந்தது. கொலை மிரட்டல்கள் வந்தன. அவர்கள் கொஞ்ச காலம் வெளியே தலைகாட்ட முடியவில்லை. கிட்டோவில் கல் எடுத்த அதே கூட்டம்தான். இந்தத் தடவை கல்லுக்குப் பதில் கடிதம், அவ்வளவுதான் வித்தியாசம்.

சட்டம் என்ன சொல்லிற்று? குறும்பு செய்தவர்கள் மேல் வழக்குப் போடுவதில்லை என்று 2013-ல் பிரிட்டிஷ் அதிகாரிகள் தீர்மானித்தார்கள். ஆஸ்திரேலியாவிலோ, ஒலிபரப்பைக் கண்காணிக்கும் அரசாங்க ஸ்தாபனம் நிலையத்தை விடவில்லை. அந்தரங்கப் பேச்சைப் பேசியவரின் சம்மதமில்லாமல் பதிவு செய்து ஒலிபரப்புவது சட்ட விரோதம் என்றது. நிலையம் எதிர்த்து வழக்காடியது. 2015-ல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம், நிலையம் சட்டத்தை மீறியதென்று முடிவு செய்ய அந்த ஸ்தாபனத்துக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது.

கேட்கப்படாத ஒருவர்

இந்த வழக்கில் நம் மனத்தில் தைப்பது ஒன்றே ஒன்று. டெலிபோன் பேசி முடித்ததற்கும் ஒலிபரப்பியதற்கும் நடுவே நேரம் இருந்தது. அந்த நேரத்தில் எத்தனையோ பேரைக் கேட்டார்கள். 'வேடிக்கையாக இருக்கிறதா?' என்று கேட்டார்கள். 'சட்டத்துக்குப் பழுது வருமா?' என்று கேட்டார்கள். 'அம்மா, உங்கள் குரலை உலகம் கேட்கப் போகிறது; உங்களுக்குச் சம்மதமா?' என்று அந்த நர்ஸிடம் கேட்டுச் சம்மதம் வாங்கியவர் எவருமில்லை.

பொறுப்பு எங்கே இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது. நிறுத்துவதற்குச் சந்தர்ப்பம் இருந்தும் நிறுத்தாதவர் யார் யாரோ, அவர்கள் அத்தனை பேரும் பொறுப்பாளிகள். டெலிபோனில் பேசியவருக்குப் பொறுப்பு உண்டு. ஆனால் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து 'போடலாம்' என்று தலையசைத்தவருக்கு அதைவிட அதிகம் உண்டு. பேசினவருக்குப் படபடப்பு இருந்தது. தலையசைத்தவருக்கு அவகாசம் இருந்தது. நாலு பேர் சேர்ந்து செய்த தவறுக்கு ஆளுக்குக் கால் பங்கு என்று கணக்குப் போட முடியாது. பொறுப்பு பாகப் பிரிவினை செய்கிற சொத்தல்ல; பங்காளிகள் பெருகுவதால் யாருடைய பங்கும் குறைவதில்லை.

இதெல்லாம் ரேடியோக்காரர்கள் சமாசாரம், நமக்கென்ன என்று இருந்துவிட முடியுமா? இன்று ஒவ்வொருவர் கையிலும் ஓர் ஒலிபரப்பு நிலையம் இருக்கிறது. பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருப்பதாகச் செல்பேசிகளில் பரவிய வதந்தியை நம்பி நம் நாட்டில் கூட்டம் கூடி அப்பாவிகளை அடித்துக் கொன்ற பிறகு, 2018-ல் வாட்ஸப் நிறுவனம் ஒரு செய்தியை ஒரே சமயத்தில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி இங்கே கட்டுப்பாடு வைத்தது. கட்டுப்பாடு வைத்தது நல்லதுதான். ஆனால் அந்த ஐந்தாவது ஆளுக்கு அனுப்புவதற்கு முன் ஒரு நிமிஷம் இருக்கிறதே, அது நம்முடைய நிமிஷம்.

வேடிக்கையே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வீட்டில் நடக்கிற குறும்பில் ஏமாந்தவரும் கடைசியில் சேர்ந்து சிரிப்பார். அவர் சிரிக்கவில்லையென்றால் விளையாட்டு அங்கேயே நின்றுவிடும். முகம் தெரியாதவரிடம் விளையாடும்போது அவர் சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று பார்க்க முடிவதில்லை. அதனால்தான் முன்கூட்டியே கேட்க வேண்டியிருக்கிறது.

அந்தக் குழந்தையின் கேள்விக்கு நம்மால் முடிந்த பதில் இதுதான்: "கண்ணே, சாம்பனுக்குப் புடவை கட்டும்போது சுற்றிலும் பல பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'வேண்டாமடா' என்று அவர்களில் ஒருவன் சொல்லியிருந்தால், இந்தக் கதையே இருந்திருக்காது."