தோளின் முன்பக்க வலிக்கு மசாஜ்: எங்கே, எப்படி, எதுவரை?

தோள் வலிக்கிறது என்று வருபவரிடம் எங்கே என்று கேட்டால், அவர் கை போகும் விதமே பாதி விடையைச் சொல்லிவிடும். ஒற்றை விரலால் தோளின் உச்சியைத் தொட்டுக் காட்டினால், காறை எலும்பு தோள்பட்டை எலும்போடு சேரும் சிறிய மூட்டின் மேல் சந்தேகம் விழும். முன்பக்கத்தில் விரலை வைத்துப் புஜத்தை நோக்கி இழுத்துக் காட்டினால், பைசெப்ஸ் எனப்படும் இருதலைத் தசையின் நாணைப் பார்க்க வேண்டும். உள்ளங்கை முழுவதையும் வைத்துப் புஜத்தின் வெளிப்புறத்தைத் தடவினால், மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும் சுழல்தசைகளின் நாண்களில் கோளாறு இருக்கலாம். மசாஜ் செய்பவருக்கு முதல் பாடம் இதுதான். ஒரு விரற்கடை தள்ளி அழுத்தினால் வேறொரு உறுப்பைத்தான் அழுத்திக்கொண்டிருப்போம்.

தோள்மூட்டில் பந்து பெரிது; அதைத் தாங்கும் கிண்ணமோ சிறியது, ஆழமில்லாதது. கையை எல்லாத் திசையிலும் சுழற்ற முடிவது அதனால்தான். அந்தச் சுதந்திரத்துக்கு விலையும் உண்டு: மூட்டைப் பிடித்து நிறுத்தும் பொறுப்பில் பெரும்பங்கு தசைகள் மீதும் நாண்கள் மீதும் விழுகிறது. பைசெப்ஸின் நீண்ட நாண், கிண்ணத்தின் மேல்விளிம்பில் தொடங்கி, மூட்டுக்குள்ளேயே பந்தின் மேலாக வந்து, மேற்கை எலும்பின் முன்புறப் பள்ளம் ஒன்றில் இறங்குகிறது. கிணற்றுக் கப்பியில் திரும்பும் கயிறுபோல, இந்த வளைவில்தான் அது அதிகம் தேய்கிறது. பள்ளத்தின் உட்புற முகட்டில் சப்ஸ்கேப்புலாரிஸ் என்ற தசையின் நாண் வந்து ஒட்டுகிறது. பைசெப்ஸ் நாண் பள்ளத்தை விட்டு வழுக்காமல் காப்பதிலும் இதற்குப் பங்கு உண்டு. எனவே இரண்டும் சேர்ந்தே கெடுவது அரிதல்ல.

நீச்சல் வீரர்கள், வேகப்பந்து வீச்சாளர்கள், ஜிம்மில் மார்புக்கு மேல் எடை தூக்குபவர்கள், அண்ணாந்து பெயின்ட் அடிப்பவர்கள் எனக் கையைத் தலைக்கு மேல் அல்லது உடலுக்கு முன்னே திரும்பத் திரும்ப உழைக்க விடுபவர்களுக்கு இந்த நாண்கள் நோகும். காறை எலும்பு மூட்டின் கதை வேறு. பைக்கிலிருந்து விழுந்தோ, கபடியில் எறியப்பட்டோ, தோளின் நுனி தரையில் மோதும்போது அதன் இணைப்புநார்கள் இழுபடுகின்றன.

எது கெட்டது என்று கண்டுபிடிக்க ஓர் எளிய தர்க்கத்தை வகுத்தவர், லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் பணியாற்றிய மருத்துவர் ஜேம்ஸ் சிரியாக்ஸ் (1904–1985). நோயாளியின் கையை அசையவிடாமல் பிடித்துக்கொண்டு, எதிர்த்துத் தள்ளச் சொல்ல வேண்டும். மூட்டு அசையவில்லை, தசை மட்டும் இறுகுகிறது. அப்போது வலித்தால் குறை பெரும்பாலும் தசையில் அல்லது நாணில். நோயாளி தளர்ந்திருக்க, சிகிச்சையாளரே கையை அசைக்கும்போது வலித்தால் மூட்டையும் அதன் உறையையும் சந்தேகிக்கலாம். கையை மார்புக்குக் குறுக்கே எதிர்த்தோள் வரை கொண்டுபோகும்போது உச்சியில் சுரீரென்றால் காறை எலும்பு மூட்டு. பிறகுதான் விரலால் தொட்டுப் பார்ப்பது. அதிலும் எச்சரிக்கை வேண்டும்: பைசெப்ஸ் பள்ளத்தை அழுத்தினால் நல்ல தோள் உள்ளவர்களுக்கும் வலிக்கும். இரண்டு பக்கமும் அழுத்தி ஒப்பிட வேண்டும்.

சிரியாக்ஸ் பரப்பிய குறுக்குத் தேய்ப்பு முறை, நமக்குப் பழக்கமான மசாஜுக்கு நேர்மாறானது. எண்ணெய் கிடையாது. விரல் தோலின் மேல் வழுக்கக்கூடாது. தோலும் விரலும் ஒன்றாக நகர்ந்து, அடியிலுள்ள நாணை அதன் இழைகளுக்குக் குறுக்காகத் தேய்க்க வேண்டும். நீளவாக்கில் தடவுவது இதில் சேராது. பைசெப்ஸுக்கு வரும்போது, முழங்கையை மடக்கி, கட்டைவிரலைப் பள்ளத்தின் மேல் நிறுத்திவிட்டு, மறுகையால் நோயாளியின் முன்கையை உள்ளும் வெளியுமாகத் திருப்புவார்கள். விரல் நிற்க, நாண் அதன் கீழே போய்வரும். முதல் ஓரிரு நிமிடம் நோகும், பிறகு மரத்துவிடும். தேய்க்கத் தேய்க்க வலி ஏறிக்கொண்டே போனால் இடம் தவறு, அல்லது அழுத்தம் அதிகம். அடுத்த நாளே மறுபடி செய்யாமல், ஒருநாள் விட்டு ஒருநாள் செய்வதே வழக்கம்.

இது எப்படிப் பலன் தருகிறது? தழும்புத் திசுவின் ஒட்டுகளைப் பிரித்துவிடும் என்றே சிரியாக்ஸ் நம்பினார். அதன்பின் நாண் நோய் பற்றிய புரிதல் மாறிவிட்டது. நாள்பட்ட நாண் வலியில் அழற்சியைவிட, கொலாஜன் இழைகள் ஒழுங்கு குலைந்து சிதைவதே அதிகம் என்று 1990களிலிருந்து ஆய்வாளர்கள் வற்புறுத்துகிறார்கள். குலைந்த இழைகளை விரலால் நீவி வரிசைப்படுத்த முடியாது. வலி குறைவதற்கு நம்பத்தக்க விளக்கம் நரம்பு வழியே வருகிறது: தொடு உணர்வும் அழுத்த உணர்வும் முதுகுத்தண்டில் வலிச் செய்தியை மட்டுப்படுத்தும் என்று 1965இல் மெல்சாக்கும் வாலும் முன்வைத்த ‘வாயில்’ கோட்பாடு. முழங்கை, முழங்கால் நாண்களுக்கான குறுக்குத் தேய்ப்பு ஆய்வுகளை 2014இல் தொகுத்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, பலன் உண்டு என்றோ இல்லை என்றோ முடிவுகட்டப் போதிய சான்று இல்லை என்றது. ஆக, மசாஜ் தருவது கொஞ்ச நேர வலிநிவாரணம். அந்த நேரத்தை எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் சிகிச்சை இருக்கிறது.

நாண் சுமைக்கு ஏற்பத் தன்னை வலுப்படுத்திக்கொள்ளும் திசு. முதலில் அசைவில்லாமல் தசையை இறுக்கிப் பிடிப்பது, பிறகு ரப்பர் பட்டை, பிறகு எடை என்று வாரக்கணக்கில் படிப்படியாக ஏற்ற வேண்டும். வலி பொறுக்காமல் பயிற்சியைத் தொடங்கவே முடியாதவருக்கு மசாஜ் அந்தக் கதவைத் திறக்கிறது. மார்புத் தசைகளும் கழுத்துப்பக்கத் தசைகளும் வலிக்குப் பயந்து இறுகியிருக்கும். அவற்றை மென்மையாகப் பிசைந்து தளர்த்துவதும் கையை உயர்த்த உதவும். காறை எலும்பு மூட்டில் லேசான இழுப்பு என்றால், வீக்கம் அடங்கிய பிறகு, மூட்டின் மேலுள்ள இணைப்புநாரில் மட்டும் சில நிமிடத் தேய்ப்பு போதும்.

கை வைக்கவே கூடாத நேரங்களும் உண்டு. விழுந்த அன்று, வீங்கிச் சூடாக இருக்கும்போது, சுளுக்கு எடுக்கிறேன் என்று யாரையும் இழுக்க விடக்கூடாது. எலும்பு முறிந்திருக்கலாம், மூட்டு விலகியிருக்கலாம். ‘டப்’ என்று ஒலித்து, மேற்கையில் தசை உருண்டையாகத் திரண்டு இறங்கினால், பைசெப்ஸ் நாண் அறுந்திருக்கிறது. காறை எலும்பின் நுனி மேலெழும்பி நின்றாலும் எக்ஸ்ரேதான் முதலில். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுபவர்களுக்கும், அண்மையில் ஸ்டீராய்டு ஊசி போட்டவர்களுக்கும் ஆழ்ந்த தேய்ப்பு ஆகாது. பள்ளத்திலிருந்து மார்புப் பக்கமாக விரல் நழுவினால், கைக்குப் போகும் நரம்புக் கற்றையும் பெரிய ரத்தக்குழாயும் அங்கே இருக்கின்றன. இடது தோள் வலியோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் மூச்சுத்திணறலும் சேர்ந்தால், அது தோள் சம்பந்தப்பட்டதாகவே இல்லாமல் மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108க்கு அழைக்க வேண்டும். நீரிழிவு உள்ளவருக்கு எல்லாத் திசையிலும் தோள் இறுகிக்கொண்டே போனால், உறைந்த தோளா என்று மருத்துவர் பார்க்க வேண்டும்.

நல்ல பிசியோதெரபிஸ்ட்டை அடையாளம் காண வழி இருக்கிறது. கை வைப்பதற்கு முன் அவர் உங்கள் கையைப் பல திசையிலும் எதிர்த்துத் தள்ளச் சொல்லிச் சோதிப்பார். தேய்த்து முடித்ததும் அதே சோதனையைத் திரும்பச் செய்து, வலி குறைந்ததா என்று பார்ப்பார். வீட்டில் செய்யப் பயிற்சி கொடுத்து அனுப்புவார். இந்த மூன்றும் இல்லாமல் தினமும் தேய்த்துவிடுவது மட்டும்தான் நடக்கிறது என்றால், வலி தற்காலிகமாகக் குறையும். நாண் கெட்டபடியே இருக்கும்.